இல்லறமும் எழுதுகோலும்

நம் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் எங்களைக் காணும் அன்பர்கள் வழக்கமாக இரண்டு வினாக்களைக் கேட்பதுண்டு. "வேலைக்கும் போய்ப் பிள்ளைகளையும் வளர்க்கிறீர்களே, எழுத எப்போது நேரம் கிடைக்கிறது?" என்பது ஒன்று. "கிறிஸ்தவ எழுத்தாளர் என்கிறார்களே, நீங்கள் எழுதுவது பிரசங்கமா, கதையா?" என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல வினாக்களே. ஆயினும் கூட்ட முடிவில் கையிலுள்ள காப்பி ஆறுவதற்குள் விடை சொல்லி முடிக்கக் கூடியவை அல்ல. ஆதலின் இவ்விதழின் வாயிலாகச் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுகிறவர்கள். புனே நகரின் கடகிப் பகுதியில் வாழ்கிறோம். எங்களில் ஒருவர் கணக்கர். மற்றவர் பள்ளி ஆசிரியை. மகள் கல்லூரியிலும் மகன் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். எங்களுள் ஒருவருக்குத் தாயாகவும் மற்றவருக்கு அத்தையாகவும் பிள்ளைகளுக்கு ஆச்சியாகவும் விளங்கும் முதியவர் ஒருவர் இல்லத்தில் உள்ளார். அவர் 1964-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணப்பெண்ணாக இவ்வூருக்கு வந்தவர். எங்கள் வீடு இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் கொண்டது. எழுதுவதற்கென்று தனி அறை கிடையாது. உண்ணும் மேசையே எழுதும் மேசை. தட்டுகளைக் கழுவி வைத்த பிறகுதான் தாள்களை விரிக்க முடியும்.

நேரத்தைப் பற்றிய விடை எளியது. விடியற்காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை எங்கள் எழுத்து நேரம். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பின் வீட்டில் எழுத்துக்கு இடமில்லை. ஒருவர் எழுதும் நாளில் மற்றவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்வார். மறுநாள் முறை மாறும். ஆண், பெண் என்ற வேறுபாட்டை இதில் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து கதைகள், சில கட்டுரைகள் என்று மெல்ல மெல்ல வளர்ந்ததே எங்கள் எழுத்து.

எனினும் நேரம் மட்டுமே இங்குப் பொருளன்று. இல்லறத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவர்மீது வீட்டாருக்கு வேறு உரிமைகளும் உண்டு. வீட்டின் பணத்தின்மீது அவர்களுக்கு உரிமை உண்டு. தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதப்படும் சொற்களின்மீதும் உரிமை உண்டு. இவ்வுரிமைகளுக்கும் எழுத்தின் உண்மைக்கும் இடையே எவ்வாறு நடந்துகொள்வது என்பதே உண்மையான வினா. அதற்கு விடை தேடும்போது, எங்களுக்கு முன் அவ்வழி நடந்தவர்கள் சிலரை நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் நினைவுக்கு வருபவர் இங்கிலாந்தின் பெட்போர்டு நகரத்து ஜான் பனியன். பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி அவர். அரசின் இசைவின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660-ஆம் ஆண்டு சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதி கூறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும், அவர் கூறவில்லை. 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறை வாழ்வு நீண்டது. வெளியே நான்கு பிள்ளைகள். மூத்த மகள் மேரிக்குக் கண் பார்வை இல்லை. அப்பிள்ளைகளைப் பெற்ற தாய் முன்னரே இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி எலிசபெத் 1661-இல் நீதிபதிகள் முன் நேரில் நின்று, பிறர் இரக்கத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்று முறையிட்டார். பனியனோ சிறைக்குள் இருந்தபடியே காலணிக் கயிறுகளைச் செய்து விற்பனைக்கு அனுப்பிக் குடும்பத்துக்குச் சிறிது பொருள் ஈட்டினார். அதே கைகள்தாம் நூல்களையும் எழுதின. பார்வையற்ற மகளை நினைத்துத் தம் நெஞ்சம் பட்ட பாட்டை 1666-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார்.

இவ்வரலாற்றைப் படிக்கும் பலர் பனியனின் உறுதியை மட்டும் வியப்பர். எங்களுக்கோ எலிசபெத்தின் நினைவே முன்னால் வருகிறது. எழுத்தாளரின் உறுதிக்கு உரிய விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை, வீட்டாரும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களைக் கேளாமல் அவ்விலையை நிர்ணயித்துவிடலாமா?

பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல் பின்னர்த் தமிழ்நாட்டிலும் ஒரு பெருங்காப்பியத்துக்கு வித்தாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858-இல் கிறிஸ்தவரானார். தமிழாசிரியராக வாழ்ந்த அவர், பனியனின் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். நூல் முழுமையாக வெளிவந்தது 1894-இல். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. ஒரு நூலுக்கு ஒரு வாழ்நாள் காத்திருக்கலாம் என்பதை எங்கள் சீமைக்காரரிடமிருந்தே கற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது வினாவுக்கு விடை தருபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அவரால் வெளிவந்தது. அதில் பிரசங்கம் உண்டா? அறிவுரை நிறைய உண்டு. சிரிப்பும் நிறைய உண்டு. ஆனால் கதைத்தலைவனும் தலைவியும் கிறிஸ்தவர்கள் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வெளியிட்ட கீர்த்தனைகளுக்குச் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்றே பெயரிட்டார். தம் சமயத்தில் ஊன்றி நின்று எல்லாருக்குமாக எழுதலாம் என்பதற்கு அவரே சான்று. நாங்கள் கதை எழுதுகிறோமா, பிரசங்கம் எழுதுகிறோமா என்று கேட்கும் அன்பர்களுக்கு அவரையே சுட்டிக்காட்டுகிறோம்.

இவர்கள் மூவரும் ஆடவர்கள். அடுப்படியிலிருந்து எழுந்த எழுத்தைக் காண விரும்பினால், நாம் குடிவந்திருக்கும் இம்மராட்டிய மண்ணிலேயே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அவர் லட்சுமிபாய் திலகர். 1868-இல் நாசிக் பக்கத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே மணமானவர். பள்ளிப் படிப்பு இல்லை. எழுத்தறிவு மணமான பின் வந்தது. அவருடைய கணவர் நாராயண வாமன் திலகர் மராத்தியில் புகழ்பெற்ற கவிஞர். அவர் 1895-இல் கிறிஸ்தவரானபோது குடும்பம் இரண்டாகப் பிளந்தது. லட்சுமிபாய் சில ஆண்டுகள் பிரிந்திருந்து, பின்னர்க் கணவரோடு சேர்ந்து, 1900-இல் தாமும் திருமுழுக்குப் பெற்றார். அகமதுநகரில், இன்றைய பெயரில் அகல்யாநகரில், அக்குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்தது.

1919-இல் கணவர் இறந்தபோது, அவர் தொடங்கிய 'கிறிஸ்தாயனம்' என்னும் காப்பியம் முற்றுப்பெறாமல் நின்றது. அதைப் பாடி முடித்தவர் லட்சுமிபாயே. பின்னர் மகனின் தூண்டுதலால் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதினார். 'ஸ்மிருதி சித்திரே' என்ற அந்நூல் 1934 முதல் 1937 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. இறுதிப் பகுதி அச்சாகும் முன்பே, 1936-இல், அவர் மறைந்தார். மராத்தி உரைநடையின் தலைசிறந்த நூல்களுள் ஒன்றாக அதை இன்றும் போற்றுகிறார்கள். கணவரின் பெருமையையும் முன்கோபத்தையும், கையில் காசு தங்காத அவர் இயல்பையும் ஒருங்கே சொல்லுகிறார். தம் அறியாமையைச் சொல்லித் தாமே சிரிக்கிறார். எங்கும் கசப்பு இல்லை. எங்கும் பூச்சும் இல்லை. குடும்பத்தைப் பற்றி எழுதுவோர்க்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

இத்தகையோர் கற்பித்த பாடம் எங்களுக்குத் தேவைப்பட்ட காலமும் வந்தது. ஆச்சியின் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதத் தொடங்கினோம். சனிக்கிழமை இரவு தோறும், குடும்ப செபத்துக்கு முன், அந்த வாரம் எழுதியதை உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். ஆச்சி கண்களை மூடிக்கொண்டு கேட்பார். விளங்காத சொல் வந்தால் மகன் கையை உயர்த்துவான். ஆச்சி உடனே சொல்வார்: "ஐயா, ஊருக்குப் பெறகு சொல்லலாம். மொதல்ல இந்தப் பிள்ளைக்கு வெளங்குதா பாரு."

ஒரு வாரம், ஆச்சி தம் தங்கையோடு நிலத்தகராற்றில் பேசாதிருந்த ஆண்டுகளைப் பற்றிப் படித்தோம். நிகழ்ந்தது உண்மையே. கேட்டு முடித்ததும் ஆச்சி, "அவ போய்ச் சேர்ந்துட்டா. அவ பிள்ளைகள் இருக்காங்கல்லா, படிப்பாங்க. இது வேண்டாம்" என்றார். அப்பக்கங்களை எடுத்துவிட்டோம்.

மற்றோர் அதிகாரம் ஆச்சியின் முதற்குழந்தையைப் பற்றியது. 1970-ஆம் ஆண்டு, மூன்று வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலில் இறந்தது. ஊருக்குத் தந்தி கொடுத்தார்கள். தந்தி போய்ச் சேர்ந்து, உறவினர் புறப்பட்டு, இரண்டு நாள் இரயிலில் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெற்ற தாயின் மடியில் அழுவதற்கும் ஆச்சிக்கு அன்று வழியில்லை. பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார்தாம், தங்கள் வழக்கப்படி பதின்மூன்று நாளும் பாக்கரி சுட்டுக் கொண்டுவந்து, அருகிலிருந்து உண்ணச் செய்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆச்சி தேவாலயத்துக்குத் தவறாமல் சென்றார், ஆனால் பாடவில்லை. எல்லாரும் பாடும்போது கீர்த்தனைப் புத்தகத்தை மூடிய கையோடு நின்றிருந்தார். இதை அவர் சொன்னபடியே எழுதினோம்.

நூலை வெளியிட முன்வந்த பதிப்பகம் ஒன்று அவ்வதிகாரத்தை மட்டும் மாற்றக் கேட்டது. துயரத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறே அவர் தேறுதல் அடைந்து பாடினார் என்று எழுதித் தருமாறு சொன்னார்கள். இல்லையேல் வாசகரின் விசுவாசம் தளரும் என்பது அவர்கள் கருத்து. கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை. பலருடைய கைக்குப் போகவேண்டிய நூல். ஒரே ஓர் அதிகாரம். சில வரிகளே மாற வேண்டும். மேலும், செலவு முழுவதையும் அவர்களே ஏற்பதாக இருந்தது. எங்கள் நிலையில் அது சிறிய பொருளன்று.

அந்தச் சனிக்கிழமை கடிதத்தையே வீட்டில் படித்தோம். வாழ்க்கை ஆச்சியுடையது, முடிவும் அவருடையதாக இருப்பதே முறை. ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு வருசம் நான் பாடல. பாடினேன்னு எழுதினா அது பொய்யில்லா? என்னய மாதிரி வாய் தொறக்க முடியாம நிக்கிற ஒருத்தி இதப் படிச்சா, அவளுக்கு ஒரு ஆறுதல் வேணும்லா?"

தங்கையைப் பற்றிய பக்கங்களை எடுக்கச் சொன்னவரும் அவரே; இந்த வரிகளை விடச் சொன்னவரும் அவரே. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் படிக்காத அவர் எங்களுக்குத் தெளிவாக்கினார். சொல்லாமல் விடுவது வேறு. மாற்றிச் சொல்லுவது வேறு. பிறர் நலம் கருதிச் சொல்லாமல் விடுவது அன்பு. எவர் நலத்தின் பெயராலும் மாற்றிச் சொல்லுவது பொய். சமயத்தின் பெயரால் எழுதுகிறவருக்கு இந்த எல்லை மற்றவர்க்கு உள்ளதைவிடக் கூர்மையானது. வேதாகமத்திலேயே புலம்பல் என்று ஒரு நூல் இருக்கிறது. சங்கீதங்களுள்ளும் முறையீடுகள் பல. அழுகையை ஒளிக்காத மறையைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் ஏன் ஒரு தாயின் அழுகையை ஒளிக்க வேண்டும்?

கைப்பிரதியை மாற்றாமல் அனுப்பினோம். அது திரும்பி வந்தது. நாங்களே அச்சிடுவது என்றால் 300 பிரதிகளுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. அது மகள் கல்லூரியில் சேரும் ஆண்டு. எலிசபெத்தை நினைத்துக்கொண்டோம். வீட்டார் நால்வரும் ஆச்சியும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். முதலில் கல்லூரிக் கட்டணம். பிறகு புத்தகம் என்று முடிவாயிற்று. கட்டுக்கட்டாகத் தாள்கள் ஒன்றரை ஆண்டு அலமாரியில் கிடந்தன. மகள் விடுமுறை நாட்களில் அவற்றைத் தட்டச்சுச் செய்து தந்தாள். 2023-இல் நூல் அச்சாகி வந்தது.

இக்காத்திருப்பில் எதிர்பாராத ஒரு பயனும் விளைந்தது. மகள் ஆச்சியிடம் தமிழ் எழுத்துகளைக் கற்றிருந்தாள். மகனுக்கோ தமிழ் பேச மட்டுமே வரும். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளின் சுமை அவனுக்கு. நம்மில் பலர் வீடுகளின் நிலையும் இதுவே அன்றோ? எழுத்தைக் கற்றுக்கொள் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அவன் நழுவிக்கொண்டே இருந்தான். ஆனால் தனக்குத் தெரியாத ஓர் அத்தை இந்நகரத்து மண்ணிலேயே உறங்குகிறாள் என்பதைச் சனிக்கிழமைப் படிப்பில் கேட்டதிலிருந்து அவனிடம் ஒரு மாற்றம் தோன்றியது. ஒரு தாளில் தமிழ் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய தேவநாகரி எழுத்தைக் குறித்துக்கொண்டான். ழகரத்துக்கு இணை கிடைக்காமல் திகைத்தான்; ககரம் ஒன்றே நான்கு ஒலிகளுக்கு நிற்பதைக் கண்டு சிரித்தான். மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். நூல் வந்ததும் அந்த அதிகாரத்தை அவனே ஆச்சிக்குப் படித்துக் காட்டினான். ஒன்பது பக்கங்கள், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆச்சி இடையில் ஒரு முறையும் திருத்தவில்லை.

நூலை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நம் சங்கத்து அன்பர்கள். அவர்களிலும் கிறிஸ்தவர் சிலரே. ஒரு நாள் நம் உறுப்பினரான அம்மையார் ஒருவர் நெற்றியில் குங்குமத்தோடு கையில் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். நூலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆச்சியின் அருகில் அமர்ந்து, தாம் இவ்வூரில் பறிகொடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசினார். ஊரார் அறியாத துயரம் அது. மாற்றி எழுதியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆகவே எழுத விரும்பும் அன்பர்களுக்கு, சிறப்பாகப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் இளைய தலைமுறைத் தாய் தந்தையர்க்கு, நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றே. பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போட வேண்டியதில்லை. பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு எழுதவும் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஊரை விட்டு வந்த கதை, முதன்முதல் கிடைத்த வாடகை வீடு, மொழி தெரியாத நாளில் கைகொடுத்த அண்டை வீட்டார் என்று எழுதுவதற்கு எவர் வீட்டிலும் பஞ்சமில்லை. எழுதியதை முதலில் வீட்டில் உரக்கப் படியுங்கள். எவர் வாழ்க்கையை எழுதுகிறீர்களோ அவர் கேட்கும்படி படியுங்கள். அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள். நடக்காததை மட்டும் சேர்க்காதீர்கள். எந்தச் சமயத்தவராயினும் இவ்விதி ஒன்றே.

அச்சு பிறகு வரலாம், வராமலும் போகலாம். மேசையைச் சுற்றி அமர்ந்து கேட்கும் நான்கைந்து பேருக்கு விளங்கினால், அந்த எழுத்து தன் முதல் கடமையைச் செய்துவிட்டது.